புதுப்பிப்பு: பெருவிடைப் பெட்டைகளின் சண்டை நின்றது

முதன்முறை வளர்ப்பவருக்குப் பெருவிடை என்ற நாட்டுக்கோழி இனத்துப் பெட்டை சரிப்படுமா, புதிதாகச் சேர்த்ததை மற்ற இரண்டும் கொத்துகிறதே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலித்தது கம்பிவலைத் தடுப்பு யோசனைதான். புதியதை வலைக்கு அந்தப் பக்கம் 10 நாள் வைத்து, இருட்டிய பிறகு மற்றவை அடையும் கம்பிலேயே ஏற்றிவிட்டேன். தீவனத் தட்டு இரண்டு, 6 அடி தள்ளி. ஒரே தட்டென்றால் வலுத்தது மற்றதை அண்டவிடாது. கொண்டையில் ரத்தம் கண்டால் உடனே பிரிக்கவும். சிவப்பைப் பார்த்தால் விடாமல் கொத்தும்.

எதிர்பாராதது அடைக்கு உட்காருவது. பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டதும் படுத்துவிடுகிறது. கம்பித்தளக் கூண்டில் 3 நாள் விட்டால் தெளிகிறது. முட்டைக்கென்றால் இந்த இனம் வேண்டாம். குஞ்சு பொரிக்க இதைவிட நல்ல தாய் கிடையாது. இறகு நெருக்கம் குறைவு, மழையில் நனைந்தால் நடுங்கும். கூரையைச் சாரல் படாமல் இரண்டடி நீட்டிவிடுங்கள்.