நெடுந்தீவின் கல்வேலிகளும் குதிரைகளும்

கேள்வி: யாழ்ப்பாணத் தீவுகளில் குறிகட்டுவான் படகுத்துறையிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள நெடுந்தீவுக்குச் செல்லவிருக்கிறேன். அங்குள்ள கல்வேலிகளும் காட்டுக் குதிரைகளும் எவ்வாறு வந்தன என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஐயா, ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அத்தீவு முழுவதும் முருகைக்கல்லின் (பவளப்பாறைக் கல்லின்) மேல் அமைந்திருப்பதால், நிலத்தைப் பண்படுத்தும்போது வெளிப்படும் கற்களையே மக்கள் சாந்தின்றி அடுக்கி எல்லை வேலிகளாக்கினர். பனை செழித்தாலும் மண் ஆழமற்றது. நன்னீர்க் கிணறுகள் சில இடங்களிலேயே உண்டு. சில ஆயிரம் பேரே வாழும் அவ்வூரில் அந்த வேலிகளின் நடுவே நடப்பதே போதும் என்பேன்.

மறுமொழி 2: தீவுக்குத் தங்கள் நாட்டு நகரான டெல்ஃப்டின் பெயரைச் சூட்டிய ஒல்லாந்தர் அங்கே குதிரைகளை வளர்த்தனர், பின்வந்த ஆங்கிலேயரும் சில காலம் அதைத் தொடர்ந்தனர். அவர்கள் கைவிட்டபின் தாமாகப் பெருகிய அவற்றின் வழித்தோன்றல்களே இன்று தெற்கு வெளிகளில் மேய்பவை. கோடையில் குட்டைகள் வற்றும்போது அவை நீரின்றித் தவிப்பது நெஞ்சை வருத்துகிறது. ஆகவே அருகில் சென்று விரட்டாதீர்கள்.

மறுமொழி 3: ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்கு (பாவோபாப்) மரத்தையும் அங்கே தவறாமல் பாருங்கள். அதன் அடிமரத்துப் பொந்துக்குள் ஆட்கள் நுழைந்து நிற்கலாம். திரும்பும் படகின் நேரத்தை இறங்கியவுடனே கேட்டுக்கொள்ளுங்கள்.