ஆறு பெட்டி புத்தகத்துக்குப் பதில் ஆறு மூட்டை காபிக் கொட்டை: எப்படி மாற்றுவது?

ஆலை நூலகம், சேலம்:
எங்கள் ஆலை நூலகத்துக்குச் சென்னையிலிருந்து ஆறு பெட்டி புத்தகம் வர வேண்டும். வந்து இறங்கியது வறுக்காத காபிக் கொட்டை, ஆறு மூட்டை. சாக்கில் ஏற்காடு எஸ்டேட் முத்திரை இருக்கிறது. எங்கள் எல்.ஆர். (லாரி ரசீது) எண் 4171, சாக்கில் பேனாவால் எழுதியிருப்பது 4177/6. கேட்டில் உருப்படியை எண்ணிப் பார்த்துக் கையெழுத்தும் போட்டாயிற்று. மூட்டைகள் இப்போது அலமாரிகளுக்கு நடுவே கிடக்கின்றன. நாங்களே வண்டி பிடித்து ஏற்காட்டுக்கு அனுப்பிவிடலாமா?

பார்சல் புக்கிங்:
வேண்டாங்க. எஸ்டேட் அனுப்பியவர்தான், சரக்கு போய்ச் சேர வேண்டிய இடம் வேறாக இருக்கும். ஒவ்வொரு கிளைக்கும் எல்.ஆர். வரிசை தனி. உருப்படியில் கடைசி நான்கு இலக்கமும் எண்ணிக்கையும்தான் எழுதுவார்கள். ஒரே குடோனில் 4171/6, 4177/6 இரண்டும் இருந்தால், 1-க்கும் 7-க்கும் மாறிப்போவது சகஜம். அச்சிட்ட புத்தகம், வறுக்காத காபி இரண்டுக்குமே ஜி.எஸ்.டி. கிடையாது. இ-வே பில்லும் (சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டு) தேவையில்லை என்பதால் வழியில் யாரும் சரக்கைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆறு மூட்டையையும் முத்திரை, எண், தையல் தெரியும்படி படம் எடுங்க. எடை போட்டு, "கையெழுத்தானது வேறு சரக்குக்கு" என்று லாரி ஆபீசுக்கு இன்றே எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்க. அதுவரை அவர்கள் கணக்கில் உங்கள் புத்தகம் டெலிவரி ஆன சரக்கு. பெட்டிகள் கிடைக்காமலே போய் லாரி ஆபீஸ் மேல் வழக்குப் போடுவதானால், 2007-ஆம் ஆண்டு சாலைவழி சரக்குச் சட்டப்படி, புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

ஏற்காடு காபி:
அதற்கு முன்னால் ஒரு வேலை. அலமாரியில் அந்துருண்டை போட்டிருக்கிறீர்களா? மூட்டையை இப்போதே வெளியே எடுங்க! பச்சைக் கொட்டை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அந்துருண்டை ஏறிய கொட்டையை யாரும் வாங்க மாட்டார்கள், அந்த நஷ்டம் உங்கள் தலையில் விழும். பெயின்ட், டீசல் பக்கமும் வேண்டாம். காற்றோட்டமான அறையில் மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்க. வெறும் சிமென்ட் தரை ஈரம் ஏற்றும். கொட்டையில் ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டினால் வெளுத்துப் பூசணம் பிடிக்கும். தையலைப் பிரிக்காதீங்க. காய்த்துளைப்பான் வண்டு புத்தகத்துக்கு வருமோ என்று பயப்பட வேண்டாம், அதற்குக் காபி மட்டும்தான் தீனி.

பழைய நூலகர்:
புத்தகத்தைக் கண்ணால் பார்க்காமல் வரவுப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள், பில்லையும் பாஸ் செய்யாதீர்கள். விற்பனையாளருக்கும் சொல்லுங்கள். புக்கிங் அவர் பெயரில்தானே, அவர் கேட்டால் வேகம் கூடும்.

ஆலை நூலகம், சேலம்:
மூட்டைகளை வராண்டாவுக்கு மாற்றிவிட்டோம். பெட்டிகள் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு காபிக் கடையில் இருக்கின்றனவாம். கொட்டை என்று நினைத்து ஒன்றைப் பிரித்தால், உள்ளே பாய்லர் பராமரிப்புப் புத்தகங்களாம். நாளை லாரி ஆபீஸ் வண்டியே இரண்டையும் மாற்றித் தருகிறது.

பழைய நூலகர்:
நல்லது. பிரித்த பெட்டியை மட்டும் டிரைவர் எதிரிலேயே இன்வாய்ஸோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். குறைந்தால் டெலிவரி சீட்டில் அந்தப் புத்தகத்தின் தலைப்போடு எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். கேட்டில் இருப்பவரிடம் எல்.ஆர். நகல் ஒன்றைக் கொடுத்து வையுங்கள்.