மெம்ஸ் கண்ணாடி ப்ரோப்: ஓசிடி படம் ஓரத்துல வளையுது, ஆழமும் நகருது

கேள்வி (திருவொற்றியூர்):
ஓசிடி, அதாவது திரும்பி வர்ற ஒளியை வெச்சுத் திசுவோட ஆழத்தைப் படம் எடுக்கறது. அதுக்கு உணவுக்குழாய்க்கான பக்கவாட்டு ப்ரோப் (உள்ளே விடற மெல்லிய குழாய்), 1310 நானோமீட்டர் ஒளி. முனையில 1 மி.மீ. எலெக்ட்ரோதெர்மல் மெம்ஸ் கண்ணாடி (மின்சாரத்துல சூடாகி வளையற குட்டிக் கைகள் திருப்பற நுண்கண்ணாடி), 45 டிகிரி சாய்வுல. எதிரெதிர் கைகளுக்கு 3 வோல்ட் பயஸ் (நிலையான அடிப்படை வோல்டேஜ்), அது மேல ±1 வோல்ட், ஒரு கைக்கு ஏறும்போது மத்ததுக்கு இறங்கும். சாம்பிள் காசிமேட்டு மீன்தான். தட்டையா வெச்ச தோல் ரெண்டு ஓரத்துலயும் வளைஞ்சு தெரியுது. காலையில எடுத்த படத்துக்கும் மத்தியானப் படத்துக்கும் ஆழமும் மாறுது. லென்ஸ் கோளாறா?

பதில் 1:
லென்ஸ் மேல பழி போடாதீங்க. முதல்ல மீனை விடுங்க, அது தினமும் ஒரு மாதிரி இருக்கும். சமமான தளத்துல வெள்ளைக் காகிதம் ஒட்டிப் பாருங்க. கண்ணாடி ஸ்லைடு உதவாது, சாய்வா விழற ஒளி அதுல பட்டுத் திரும்பி வராது.

வளைவுல பாதி வெறும் வடிவியல். 5 மி.மீ. தூரத்துல ஒளி 10 டிகிரி திரும்பினா பாதை சுமார் 77 மைக்ரான் கூடும். காகிதத்தை 3 மி.மீ.க்குக் கொண்டு வந்தா இது 46 ஆகணும். அதுக்கு மேல மிஞ்சறது கண்ணாடி மொத்தமா ஏறி இறங்கறதால வர்றது.

பதில் 2:
அந்த மிச்சத்துக்குக் காரணம் உங்க ±1 தான். சூடு வோல்டேஜோட வர்க்கத்தைப் பொறுத்தது. நடுவுல 9+9=18, ஓரத்துல (4 வோல்ட், 2 வோல்ட்) 16+4=20. மொத்தச் சூடு 11% ஏறுது, ரெண்டு கையும் சேர்ந்து வளையுது. 45 டிகிரி சாய்வுல கண்ணாடி 10 மைக்ரான் நகர்ந்தா படத்துல 14 மைக்ரான் ஆழம் தப்பும்.

அதே சாய்வுக்கு வர்க்கங்களை 15, 3னு வையுங்க: 3.87 வோல்ட், 1.73 வோல்ட். வித்தியாசம் அதே 12, கூட்டுத்தொகை 18லயே நிக்கும். வேவ்ஃபார்ம் டேபிளையே (கைகளுக்கு அனுப்பற வோல்டேஜ் பட்டியல்) வர்க்கமூலத்துல எழுதிடுங்க. கைகள் ரெண்டும் அச்சுல வார்த்த மாதிரி இருக்காது, அதனால ஒரு பக்கத்து கெயினை (வோல்டேஜைப் பெருக்கற அளவு) காகிதத்தைப் பார்த்தே கொஞ்சம் திருத்தணும்.

கேட்டவர்:
சரி சார். அப்போ மத்தியான நகர்வு?

பதில் 2:
அது அறை வெப்பம். ஜோடியா ஓட்டறதால சாய்வு தப்பிச்சுடும், உயரம் தப்பிக்காது. எப்படியும் உடம்புக்குள்ள 37 டிகிரி, அதனால மேசையில அளவெடுக்காம 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில ப்ரோப்பை அதோட வெளி உறையோட முக்கி எடுங்க. மிச்ச நகர்வுக்கு உறையோட உள்சுவர் எதிரொளி ஒவ்வொரு ஸ்கேன்லயும் கோடா தெரியுமே, எல்லாரும் அதைத் தொல்லைனு அழிப்பாங்க. அழிக்காதீங்க, அதையே ஆழத்துக்கு பூஜ்யமா வெச்சுக் கழிங்க.