ப்ராக்கிதெரபி ஆராய்ச்சி ட்ரெண்ட் மேப் போட்டேன், நடுவுல இதய ஸ்டென்ட் எப்படி வந்துச்சு?

இயற்பியல்மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். மெடிக்கல் பிசிக்ஸ் எம்எஸ்சி கடைசி வருஷம் படிக்கிறேன். கேன்சர் கட்டிக்குள்ளயோ ஒட்டியோ கதிர்வீச்சு சோர்ஸை வச்சு ட்ரீட்மென்ட் குடுப்பாங்கல்ல, அந்த ப்ராக்கிதெரபில முப்பது வருஷமா ஆராய்ச்சி எந்தப் பக்கம் போயிருக்குன்னு மேப் போடறது தான் என் ப்ராஜெக்ட். வெப் ஆஃப் சயின்ஸ்ங்கற ஆராய்ச்சிப் பேப்பர் தேடற தளத்துல ப்ராக்கிதெரபிங்கற ஒரே வார்த்தைய போட்டு தேடி, ரெக்கார்டை ஐநூறு ஐநூறா டவுன்லோட் பண்ணி, சேந்து வர்ற வார்த்தைகளைக் கொத்துக் கொத்தா மேப் போடற வாஸ்வியூவர் சாஃப்ட்வேர்ல ஏத்தினேன். ப்ராஸ்டேட் ஒரு பெரிய கொத்தா வருது, கருப்பை வாய் ஒரு கொத்து, அதெல்லாம் எதிர்பார்த்தது தான். ஆனா ஒரு ஓரமா ஸ்டென்ட், ரெஸ்டெனோசிஸ், பலூன் ஆஞ்சியோபிளாஸ்டின்னு தனியா ஒரு கொத்து நிக்குது. வேற ஃபைலை ஏத்திட்டேனோன்னு ரெண்டு தடவை பாத்துட்டேன், அதே தான் வருது. இது எங்கருந்து வந்துச்சு?

இன்னொண்ணு, எங்க கைடு ரேடியோ அயோடின், லுட்டீஷியம் இதெல்லாமும் உள்ள குடுக்கற கதிர்வீச்சு தானே, அதையும் சேத்துக்கோன்னு சொல்றார். சேக்கலாமா?

நூலகத்தான்:
ஃபைல் சரியா தான் இருக்கு, பயப்படாதீங்க. 90-கள் கடைசில, இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வச்ச இடம் திரும்ப அடைச்சுக்கறதை (அது தான் ரெஸ்டெனோசிஸ்) தடுக்க உள்ளயே கதிர்வீச்சு குடுத்துப் பாத்தாங்க. அதுக்கும் பேரு ப்ராக்கிதெரபி தான். அமெரிக்காவுல 2000-ல அனுமதி கிடைச்சுச்சு, 2003-ல மருந்து பூசின ஸ்டென்ட் வந்ததும் அந்த அலை அப்படியே அடங்கிடுச்சு. பேப்பர் வந்த வருஷத்தை வச்சு கலர் குடுக்கற ஓவர்லே மேப்பைப் பாருங்க, அந்தக் கொத்து மட்டும் பழைய கலர்ல நிக்கும். உங்க தலைப்பு கேன்சர்னா தேடற வரியிலயே அதை வெளிய தள்ளிடுங்க, தள்ளினதை ரிப்போர்ட்ல மறக்காம எழுதுங்க.

அடுத்து வார்த்தைய சுத்தம் பண்ணுங்க, மேப்போட உயிரே அங்க தான் இருக்கு. ஒரே விஷயத்தை ஒருத்தர் ஹை டோஸ் ரேட்னு எழுதுவார், இன்னொருத்தர் நடுவுல கோடு போடுவார், மூணாமவர் ஹெச்டிஆர்னு விட்டுடுவார், சாஃப்ட்வேர் அதை மூணு புள்ளியா வைக்கும். கருப்பை வாய் கேன்சருக்கு மட்டும் நாலஞ்சு பேரு ஓடுது, போதாக்குறைக்கு செர்விகல்ங்கற வார்த்தை கழுத்து நெறிக்கட்டிக்கும் வரும். ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல லேபிள், ரிப்ளேஸ் பைன்னு ரெண்டு காலம் போட்டு நடுவுல டேப் அடிச்சு தெசாரஸ் ஃபைலா (எந்த வார்த்தைய எதா மாத்தணும்ங்கற பட்டியல்) குடுங்க, எல்லாம் ஒண்ணாயிடும். எனக்கு இதுக்கே ரெண்டு வாரம் ஆச்சு, ஆனா அப்புறம் தான் மேப் பேச ஆரம்பிச்சுது. ப்ராக்கிதெரபின்னு மட்டும் தேடினா, இதையே கியூரிதெரபி, இன்ட்ராகேவிட்டரி, இன்டர்ஸ்டீஷியல்னு எழுதினவங்க விட்டுப் போயிடுவாங்க, அதையும் தேடல்ல சேருங்க. 1991-க்கு முந்தின ரெக்கார்டுல பெரும்பாலும் ஆப்ஸ்ட்ராக்டும் இருக்காது, ஆத்தர் கீவேர்டும் இருக்காது. அதனால ரேடியத்தை சோர்ஸா வச்ச அந்தப் பழைய காலம் மேப்ல தெரியலைன்னு அப்ப ஆராய்ச்சியே நடக்கலைன்னு மட்டும் எழுதிடாதீங்க.

லுட்டீஷியத்தை சேக்க வேண்டாம்னு தான் சொல்லுவேன். அது ரத்தத்துல போற மருந்து, நியூக்ளியர் மெடிசின்காரங்க ஜர்னல் வேற, அவங்க மேற்கோள் காட்டற ஆளுங்களும் வேற. சேத்தீங்கன்னா ஒரே படத்துல ரெண்டு தீவு வரும். 2018-லயும் 2022-லயும் லுட்டீஷியம் மருந்துக்கு அமெரிக்க அனுமதி வந்ததுல அந்தப் பக்கம் பேப்பர் குவியுது, உங்க ப்ராக்கிதெரபி அதுல அமுங்கிப் போயிடும். ஈரலுக்கு குடுக்கற இட்ரியம்-90 கதிர்வீச்சு மணிகள் மட்டும் ரெண்டு பக்கமும் கால் வச்சு நிக்கும், அதை என்ன பண்றதுன்னு கைடோட உக்காந்து முடிவு பண்ணுங்க.

பங்கர்பக்கம்:
பதினாலு வருஷமா ப்ராக்கிதெரபி பிளானிங் பண்றேன் தங்கச்சி. கருப்பை வாய் கொத்துல கலர் மாறற இடத்தை நல்லா பாரும்மா, கதையே அங்க தான். 1938-ல இங்கிலாந்து மான்செஸ்டர்காரங்க கருப்பை வாய்ப் பக்கத்துல குறிச்சுச் சொன்ன பாயின்ட் ஏ, அந்த ஒரு புள்ளிய வச்சு தான் உலகமே ரொம்ப காலம் டோஸ் கணக்கு போட்டுச்சு. 2005, 2006-ல ஐரோப்பிய ப்ராக்கிதெரபி குழுவான ஜிஇசி எஸ்ட்ரோவோட பரிந்துரை வந்தப்புறம் எம்ஆர்ஐல கட்டிய பாத்து, கட்டி சுருங்க சுருங்க அதுக்கேத்த மாதிரி டோஸை மாத்தறதுன்னு போச்சு. இப்படி எம்ஆர்ஐ பாத்து ட்ரீட்மென்ட் வாங்கினவங்களை தொடர்ந்து கவனிச்ச எம்பிரேஸ் ஸ்டடி 2008-ல ஆரம்பிச்சு 2021-ல ரிசல்ட் குடுத்தப்ப அஞ்சு வருஷத்துல அந்த இடத்துல நோய் கட்டுப்பாடு 92 சதவீதம். இந்த நகர்வு உன் மேப்ல வரலைன்னா கீவேர்டுல ஏதோ தப்புன்னு வச்சுக்கோ.

ஆனா ஒண்ணு மனசுல வச்சுக்கணும்மா, பேப்பர் ஏறுதுன்னா ட்ரீட்மென்டும் ஏறுதுன்னு அர்த்தம் இல்ல. அமெரிக்காவுல கருப்பை வாய் கேன்சருக்கு ப்ராக்கிதெரபி குடுக்கறது 1988-ல 83 சதவீதமா இருந்தது 2009-ல 58-க்கு இறங்கிடுச்சு, அதே ஆய்வுல ப்ராக்கிதெரபி வாங்கினவங்க தான் அதிகம் பிழைச்சிருக்காங்க, இத்தனைக்கும் அந்த வருஷங்கள்ல பேப்பர் நிறைய வந்துட்டு தான் இருந்துச்சு. இந்த நம்பரை உன் மேப்புக்குப் பக்கத்துல வச்சு எழுதினா ப்ராஜெக்டுக்கு ஒரு கனம் வரும்.

சோர்ஸா வைக்கற இரிடியம், கோபால்ட் புள்ளிகளையும் தேடிப் பாரு. இரிடியம்-192 எழுபத்துநாலு நாள்ல பாதி ஆயிடும். புது சோர்ஸ்ல ஆறு நிமிஷத்துல முடியற ட்ரீட்மென்ட் ரெண்டரை மாசம் கழிச்சு பன்னெண்டு நிமிஷம் இழுக்கும், மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை சோர்ஸ் மாத்தியே ஆகணும். கோபால்ட்-60-க்கு அரை ஆயுள் அஞ்சு வருஷத்துக்கு மேல, அதனால அடிக்கடி மாத்த வேண்டியதில்ல. எந்த நாட்டு ஆளுங்க கோபால்ட் பத்தி எழுதறாங்கன்னு நாட்டு மேப்பையும் சேத்து வச்சுப் பாரு.

தென்காசிக்காரி:
எனக்கு மேப்பெல்லாம் போட வராது, அம்மாவுக்கு இந்த ட்ரீட்மென்ட் நடந்துச்சு அதனால படிச்சேன். வெளிய இருந்து குடுக்கற கரன்ட் எல்லாம் முடிஞ்சு, உள்ள வைக்கறதுக்கு நாள் குறிச்சு, விடிகாலை பஸ் புடிச்சு போனோம், சோர்ஸ் வரலை அடுத்த வாரம் வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறம் வச்சாங்க, ஸ்கேன் எடுத்து பிளான் ரெடியாகற வரைக்கும் அந்தக் கம்பியோட அசையாம மத்தியானம் வரைக்கும் கிடந்தாங்க, தண்ணி கூட நான் ஸ்பூன்ல தான் விட்டேன். ரெண்டாவது தடவைக்கு வரமாட்டேன்னு அழுதாங்க. இப்ப நல்லா இருக்காங்க, வயலுக்குப் போறாங்க. வலியப் பத்தி, அந்தக் காத்திருப்பப் பத்தி யாராச்சும் எழுதியிருக்காங்களான்னு உங்க மேப்ல பாத்து சொல்லுங்கம்மா.

பங்கர்பக்கம்:
அக்கா, சோர்ஸ் வராம திருப்பி அனுப்பறது எங்களுக்கும் வலிக்கற விஷயம். மொத்த ட்ரீட்மென்டும் எட்டு வாரத்துக்குள்ள முடியணும்னு தான் கணக்கு, ஒரு வாரம் தள்ளினா அதுவே பெரிய விஷயம். வலிக்கு என்ன மருந்து, முதுகுல ஊசியா முழு மயக்கமாங்கறது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறுது, இப்படி இருக்கக் கூடாது.

இயற்பியல்மாணவி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஸ்டென்ட் எல்லாத்தையும் தள்ளிட்டேன், தெசாரஸ் ஃபைல் இதுவரைக்கும் நூத்தி அம்பது வரி, இன்னும் போகுது. பங்கர் அண்ணா சொன்ன கலர் மாற்றம் இப்ப பளிச்சுனு தெரியுது. லுட்டீஷியம் வேண்டாம்னு கைடும் ஒத்துக்கிட்டார்.

அக்கா, நீங்க கேட்டதை பாத்தேன். ஒரு வார்த்தை இருபது தடவை வந்தா தான் மேப்ல வரணும்னு நான் தான் வச்சிருந்தேன், அதுல வலி, மயக்க மருந்து ரெண்டுமே விழுந்துடுச்சு. அஞ்சுக்கு இறக்கினப்புறம் கருப்பை வாய் கொத்தோட ஓரத்துல ரெண்டு சின்னப் புள்ளியா வந்துச்சு. அந்த ரெண்டு புள்ளிக்குப் பின்னாடி இருக்கற பேப்பர் எல்லாத்தையும் இன்னிக்கு இறக்கி வச்சிருக்கேன், ஒவ்வொண்ணா படிக்கப் போறேன். அம்மாவ கேட்டதா சொல்லுங்க.