ராமானுஜனைக் 'கண்டுபிடித்தவர்' ஹார்டியா?

காவிரிக்கரை:
நேற்று வேறொரு இழையில் 'நேர்கோடு' என்பவர் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தார். "ராமானுஜனைக் கண்டுபிடித்தவர் ஹார்டி, அவர் இல்லையென்றால் துறைமுகத்துக் குமாஸ்தாவாகவே செத்திருப்பார்." அதற்குக் கீழே வரிசையாக விருப்பக் குறிகள். எனக்கு இரவு தூக்கம் வரவில்லை, அதனால்தான் தனி இழை. ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு முதல் கடிதம் எழுதியது 1913 ஜனவரி 16. அதற்கு 9 வருடம் முன்பே, 1904-இல், கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்கான ரங்கநாத ராவ் பரிசைக் கொடுத்தபோது தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், இந்தப் பையனுக்கு முழு மதிப்பெண்ணே போதாது என்று சபையில் சொன்னார். 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் பெர்னூலி எண்களைப் பற்றி 17 பக்கக் கட்டுரை வந்துவிட்டது. அச்சில் வந்த மனிதரை எங்கிருந்து 'கண்டுபிடிப்பது'?

நேர்கோடு:
என் பெயரைப் போட்டே இழையா, சரி. நான் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். பரிசு கொடுத்த அதே கும்பகோணத்தில்தான் அடுத்து கல்லூரியில் சேர்ந்ததும் மற்ற பாடங்களில் தோற்றார் என்று உதவித்தொகையைப் பிடுங்கினார்கள். பையன் வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடினான். அப்புறம் சென்னையில் பச்சையப்பன் கல்லூரி, எப்.ஏ. என்ற கல்லூரி இடைநிலைத் தேர்வில் இரண்டு முறை தோல்வி. தெரிந்து வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? மாதம் 30 ரூபாய்க்கு ஒரு குமாஸ்தா வேலை. அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காவிரிக்கரை:
30 ரூபாயை மட்டும் பார்ப்பவருக்கு அதற்குப் பின்னால் நின்ற ஆட்கள் தெரிய மாட்டார்கள். 1910-இல் திருக்கோயிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைப் போய்ப் பார்க்கிறார் ராமானுஜன். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-இல் தொடங்கியவர் அவர்தான். கேட்டது தாலுகா அலுவலகத்தில் ஒரு சின்ன வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், இந்த மேதையை வருவாய்த் துறையின் அடிமட்டத்தில் போட்டு அமுக்க எனக்கு மனமில்லை என்று சொல்லி, சென்னைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த வழியில்தான் கணிதப் பேராசிரியர் பி.வி. சேஷு ஐயர், அங்கிருந்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். ராவ் தன் சொந்தப் பணத்தில் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். துறைமுகத்தில் நாராயண ஐயர் என்ற கணக்கதிகாரி, இவரும் கணிதக்காரர், இரவு நேரங்களில் சிலேட்டை வைத்துக்கொண்டு ராமானுஜனோடு சேர்ந்து கணக்குப் போட்டார். இந்த நாலு பேரும் ஹார்டி வருவதற்கு முன்பு.

நேர்கோடு:
வேலை கேட்டு வந்தவனுக்கு வேலை கொடுக்காமல் அனுப்பியதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். பசித்தவனுக்குச் சிபாரிசுக் கடிதம்!

பழைய வாத்தியார்:
இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. 'கண்டுபிடித்தல்' என்று எதைச் சொல்கிறோம்? திறமை இருக்கிறது என்று தெரிந்துகொள்வதா, அது எவ்வளவு பெரிய திறமை என்று அளந்து சொல்வதா, உலகத்துக்குக் காட்டுவதா? இதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

காவிரிக்கரை:
ஐயா, வார்த்தையை அப்புறம் பார்க்கலாம், தேதியைப் பாருங்கள். ஜனவரி 16, 1913. அதற்கு முன்பே எல்லாம் நடந்துவிட்டது.

நேர்கோடு:
தேதி தேதி என்கிறவர் இதற்குப் பதில் சொல்லட்டும். ஹார்டிக்கு முன்னால் கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்று இரண்டு பெரிய ஆட்களுக்கும் ராமானுஜன் எழுதினார். பிரயோசனம் இல்லை. லண்டனில் ஹில் என்ற பேராசிரியருக்கும் விஷயம் போனது. அவர் ஓரளவு அக்கறையோடு படித்துவிட்டு, முடிவிலித் தொடர்களில் பையன் சறுக்கியிருக்கிறான் என்றார். ஹார்டி ஒருவர்தான் சக கணிதவியலாளர் லிட்டில்வுட்டையும் கூட வைத்துக்கொண்டு அந்தத் தாள்களைப் பிரித்துப் பார்த்து, இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இப்படிக் கற்பனை செய்ய யாராலும் முடியாது என்ற முடிவுக்கு வந்தார். கணிதத்துக்குத் தான் செய்த பெரிய பங்களிப்பு ராமானுஜனைக் கண்டுபிடித்ததுதான் என்று ஹார்டியே ஹங்கேரியக் கணிதவியலாளர் எர்டோஷிடம் சொல்லியிருக்கிறார். அவர் வாயாலேயே வந்த வார்த்தை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

காவிரிக்கரை:
ஒருவர் நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் அது சாட்சியமா? ஹார்டியை மட்டமாகச் சொல்ல நான் வரவில்லை. கணிதத் திறமைக்கு மதிப்பெண் போட்டபோது தன்னை 25-இல் நிறுத்தி ராமானுஜனுக்கு 100 கொடுத்த மனிதர், அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பிப்ரவரி 26-ஐ யாரும் பேசுவதில்லை. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது துறைமுகத் தலைவர் ஸ்பிரிங் அந்த நோட்டுகளை அவரிடம் காட்டினார். மறுநாளே, 1913 பிப்ரவரி 26, பல்கலைக்கழகத்துக்கு வாக்கர் சிபாரிசுக் கடிதம் எழுதினார். ஹார்டி பதில் எழுதியது பிப்ரவரி 8. கப்பல் தபால் வந்து சேர இரண்டு மூன்று வாரம் ஆகும் காலம் அது. ராமானுஜன் ஹார்டிக்கு இரண்டாவது கடிதம் எழுதியது பிப்ரவரி 27. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாக்கர் சிபாரிசு செய்தது ஹார்டி கடிதத்தைப் பார்த்து அல்ல, நோட்டையே பார்த்து.

நேர்கோடு:
வாக்கரும் ஹார்டியின் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்காரர்தான், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. போகட்டும், ஹார்டி பதில் எழுதியதோடு நிற்கவில்லை, லண்டனில் இந்திய ஆட்சியைக் கவனித்த இந்தியா ஆபீசுக்குச் சொல்லி சென்னையில் விசாரிக்கச் செய்தார். அந்தச் செய்தி துறைமுகத்துக்குப் போயிருக்காதா? திடீரென்று எல்லாருக்கும் பிப்ரவரியில் ஞானம் வந்துவிட்டதா?

காவிரிக்கரை:
பிப்ரவரி 26. மறுபடியும் சொல்கிறேன், பிப்ரவரி 26.

ஈரோடு வாசி:
எல்லாரும் கும்பகோணம் கும்பகோணம் என்கிறீர்கள். அவர் பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22, அம்மா வழித் தாத்தா வீட்டில். இதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம். முதன்முதலாக எப்.ஆர்.எஸ். (லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்) ஆன இந்தியர் எங்கள் மண்ணில் பிறந்தவர் என்று நாங்கள் சொல்லிக்கொள்ளக் கூடாதா?

அச்சுப்பிழை:
ஈரோடு நண்பரே, முதல் இந்தியர் இல்லை. 1841-இலேயே அர்தசீர் கர்செட்ஜி என்ற பார்சிப் பொறியாளர் எப்.ஆர்.எஸ். ஆகிவிட்டார். ராமானுஜன் 1918-இல், இரண்டாமவர். டிரினிட்டி கல்லூரியின் பெல்லோவாக (ஆய்வு உறுப்பினராக) தேர்வான முதல் இந்தியர் என்று சொன்னால் சரி. கூடவே ஒன்று: இந்த இழையில் யாருமே 'இராமானுஜன்' என்று எழுதவில்லை. ரகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது.

ஈரோடு வாசி:
அவர் பொறியாளர், இவர் கணித மேதை. கணிதத்தில் இவர்தான் முதல். நான் சொன்னது அந்த அர்த்தத்தில்தான்.

காவிரிக்கரை:
ஈரோட்டில் பிறந்தார், சரி, ஒரு வயதில் கும்பகோணத்துக்கு வந்துவிட்டார். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அந்த வீடு இன்னும் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்த கணக்கெல்லாம் அங்கேதான். பேச்சை மாற்ற வேண்டாம்.

அச்சுப்பிழை:
பேச்சை மாற்றுவது யார்? போன மாதம் ஜி.டி. நாயுடு இழையில் நான் ஒரு ஆண்டைத் திருத்தியபோதும் இதையேதான் சொன்னீர்கள். திருத்தியதற்கு ஒரு நன்றிகூட இல்லை. நான் மறக்கவில்லை.

காவிரிக்கரை:
அந்த இழையில் நீங்கள் திருத்தியது ஆண்டை அல்ல, என்னை. அதை நானும் மறக்கவில்லை.

மல்லிகைப்பந்தல்:
ஹார்டியா, ஐயரா, வாக்கரா என்று ஆண்களின் பட்டியலாகவே போகிறது. 1919-இல் உடம்பு தேறாமல் திரும்பி வந்த மனிதரைச் சேத்துப்பட்டு வீட்டில் கடைசி வரை வைத்துப் பார்த்துக்கொண்டது அவர் மனைவி ஜானகி அம்மாள். மாக் தீட்டா சார்புகள் என்ற தன் புதிய கணிதக் கண்டுபிடிப்பைப் பற்றி ஹார்டிக்கு 1920 ஜனவரியில் எழுதியது அந்தப் படுக்கையில் இருந்துதான். ஏப்ரல் 26-இல் போய்விட்டார், வயது 32. அந்தக் கடைசித் தாள்கள்தான் கைமாறிக் கைமாறிக் கேம்பிரிட்ஜ் ரென் நூலகத்தில் கிடந்து, 1976-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஆண்ட்ரூஸ் கையில் அகப்பட்டன. அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள். உடம்பு நோவில் எழுதிய மனிதர் பக்கத்தில் இருந்தவர் பெயரை இங்கே யாரும் சொல்லவில்லை. அவர் அதற்குப் பிறகு திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து காலம் தள்ளினார், 1994 வரைக்கும் வாழ்ந்தார். எந்த மேதையையும் கண்டுபிடித்ததாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

நேர்கோடு:
அம்மா சொல்வது நியாயம்தான். ஆனால் அதே 1976 என் பக்கத்துக்குத்தான் வலு. அந்தத் தாள்களும் கேம்பிரிட்ஜில்தான் பத்திரமாக இருந்தன.

மல்லிகைப்பந்தல்:
நான் எழுதியதை உங்கள் வழக்குக்குச் சாட்சியாக்காதீர்கள்.

காவிரிக்கரை:
சென்னையிலிருந்து பல்கலைக்கழகப் பதிவாளர் டெவ்ஸ்பரி அனுப்பிவைத்த தாள்கள் அவை, 1923-இல். கொடுத்தது நாம். அவர்கள் அதைப் பெட்டியில் வைத்து அரை நூற்றாண்டு மறந்துபோனார்கள். இதையும் 'கண்டுபிடிப்பு' என்கிறார்கள். ஒரு பொருளைத் தொலைத்தவரே கண்டெடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

கேம்பிரிட்ஜ் கொடுத்த பணம் என்று இன்னொருவர் தனி மடலில் எழுதியிருக்கிறார், அதையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். 1913 மே மாதத்திலிருந்து மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். எப்.ஏ. கூடத் தேறாதவருக்கு! 1914-இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் நெவில் சென்னைக்கு வந்து பேசிய பிறகு ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்ததும் சென்னைதான். மார்ச் 17-இல் நெவாசா கப்பலில் ஏறியது நம் பணத்தில். நேர்கோடு அவர்கள் இதற்கு ஒரு வரி பதில் எழுதட்டும்.

நேர்கோடு:
எழுதுகிறேன். ராமானுஜனுடைய சோகம் அவர் இளமையில் இறந்தது அல்ல, கையில் ஆசிரியரும் நூலும் இல்லாமல் வீணான அந்த ஐந்து வருடம்தான் என்று ஹார்டி எழுதியிருக்கிறார். அந்த ஐந்து வருடம் நம் கண் முன்னால் போனது. நீங்கள் சொல்லும் நாலு பேரும் நல்லவர்கள்தான், ஆனால் அவர் போட்டது சரியா தவறா என்று சொல்ல அவர்களில் ஒருவராலும் முடியவில்லை. ராமச்சந்திர ராவே முதலில் சந்தேகப்பட்டார். தங்கம் வைத்திருப்பவர் வேறு, உரைத்துப் பார்த்துச் சொல்பவர் வேறு.

பழைய வாத்தியார்:
இப்போதாவது நான் முதலில் கேட்டதற்கு வந்திருக்கிறீர்கள். 'உரைத்துப் பார்த்தல்' தனி, 'காணுதல்' தனி...

காவிரிக்கரை:
ஐயா, ஒரு நிமிடம் பொறுங்கள். உரைகல் தங்கத்தைக் கண்டுபிடிக்காது, இருக்கிற தங்கத்தைத்தான் உரைக்கும். நேர்கோடு தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்.

நேர்கோடு:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் எழுதிய வரி அப்படியே நிற்கிறது.

அச்சுப்பிழை:
இராமானுஜன். இரண்டு பேரும் திருத்தவில்லை.

காவிரிக்கரை:
ஜனவரி 16-க்கு முன்னால் யாருக்குமே தெரியாது என்று நிரூபியுங்கள், நான் இழையை மூடிவிடுகிறேன். முடியாவிட்டால் அந்த வரியை நீக்குங்கள். கிருஷ்ணசாமி ஐயர் 1904, ராமசாமி ஐயர் 1910, இதழ் 1911, நாராயண ஐயர் 1912. நாளைக் காலையில் மறுபடியும் வருவேன்.