பூஞ்சணம் பிடித்த வீட்டை விட்டு வந்த பின்னும் வருத்தம் விடவில்லை: உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

வெள்ளவத்தை, நாலாம் மாடி

அந்த வீட்டை விட்டு வெளியேறிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. மணத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. குளியலறைக்கும் படுக்கையறைக்கும் இடைப்பட்ட சுவருக்குள் குழாய் கசிந்துகொண்டிருந்தது. அலுமாரியை நகர்த்திய அன்றுதான் அதன் முதுகுப் பலகை முழுவதும் கறுப்பும் சாம்பலுமாகப் படர்ந்திருந்ததைக் கண்டோம். அதற்குள் என் இருமலுக்கு இரண்டு வயதாகிவிட்டது. சீ.ரீ. ஸ்கேன் எடுத்த பிறகு, ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சி என்றும், தழும்பாகிவிட்ட பகுதி பழையபடி ஆகாது என்றும் சொன்னார்கள். அழற்சியைத் தணிக்கும் பிரெட்னிசலோன் குளிசையைக் குறைத்துக் குறைத்து இப்போது 5 மில்லிகிராமில் நிற்கிறேன்.

முற்பணத்தின் மீதியை வாங்கப் போன நாள்தான் இன்னும் என்னை உறுத்துகிறது. சுவருக்குப் புதிதாக வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தார்கள். வீட்டுக்காரர் காசோலையில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, ஓர் இளம் தம்பதி வீட்டைப் பார்க்க உள்ளே வந்தனர். அந்தப் பெண்ணின் தோளில் ஆறேழு மாதக் குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அவர் நேராக அந்தச் சுவரருகே போய், "தொட்டிலை இங்கே போடலாம்" என்று கணவரிடம் சொன்னார். பெயின்ற் வாசனைக்கு அடியில் அந்தப் பழைய மணம் எனக்குத் தெளிவாக வந்தது. காசோலை அப்போது இன்னும் என் கைக்கு வந்திருக்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை. வாங்கிக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன்.

புதுக்கடை லிகிதர்

அக்கா, உங்களுக்குச் சுவர், எனக்குக் காகிதம். ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் பழைய வழக்குக் கோப்புகள் அடுக்கிய பின்னறையில் பதினொரு வருடம் வேலை செய்தேன். கூரை ஒழுகி நனைந்த கட்டுகளைப் பிரிக்கும்போதெல்லாம் மாவு போலத் தூள் எழும்பும். முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டை எடுப்போம். நாற்பத்தொரு வயதில் புதிதாகத் தொய்வு, அதாவது ஆஸ்துமா, தொடங்கியது. நான்கு வைத்தியர்கள் மருந்தை உள்ளிழுக்கும் பம்ப் எழுதித் தந்தார்கள். ஐந்தாமவர் வயது குறைந்த பெண், கிளினிக்கில் அன்று எனக்கு முன்னால் அறுபது பேர் இருந்திருப்பார்கள். அவர் என் மருந்துத் துண்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து, "ஊருக்குப் போனால் இருமல் குறையுமா?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. பருத்தித்துறையில் சித்திரை விடுமுறைக்குப் போன பத்து நாளும் மல்லாந்து படுத்துத் தூங்கியதும், திரும்பி வந்த முதல் திங்கட்கிழமை இரவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. ஒவ்வாமைச் சோதனைக்காகத் தோலில் குத்திப் பார்த்தபோது அஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சணத்துக்குத் தடித்து வீங்கியது. அந்த ஒரு கேள்வியை முதல் வருடமே யாராவது கேட்டிருந்தால் என்று இன்னும் நினைக்கிறேன். அந்தப் பத்து நாளை நானாகவே சொல்லியிருக்கலாம் என்றும் நினைக்கிறேன்.

கொலன்னாவை மகள்

2016 மே மாதம் களனி கங்கை எங்கள் வீட்டுக்குள் ஐந்து நாள் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு அம்மா எதையும் எறிய விடவில்லை. அவர் வீட்டில் உடுத்த நூல் சேலைகள், அப்பாவின் படம், பஞ்சு மெத்தை எல்லாவற்றையும் மதிலில் காயப்போட்டு எடுத்து உள்ளே வைத்தார். மெத்தையின் மேற்பக்கம் காய்ந்துவிட்டது, உள்ளே காயவில்லை. என் கண்ணை விட்டு அகலாதது அப்பாவின் படம்தான். கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய முகத்தின் மேல் வெள்ளை நூல்கள் படரத் தொடங்கியிருந்தன. அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கண்ணாடியை டெட்டோல் துணியால் துடைத்து, பூ வைத்து, அதே ஆணியில் மாட்டுவார். கறை உள்ளே இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் அந்த மெத்தையில் மூன்று வருடம் படுத்தேன். மூக்கடைப்பும் மூச்சிரைப்பும் மட்டும் என்றால் தாங்கியிருப்பேன். உடல் அடித்துப் போட்டது போன்ற களைப்பு, பேசும்போது சொல் மறந்துபோவது, இவை இன்றும் உள்ளன. கனடாவிலுள்ள சித்தி ஏற்பாடு செய்து சிறுநீரை வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பினோம். பூஞ்சண நச்சு உடலில் இருப்பதாக அறிக்கை வந்தது. இங்குள்ள வைத்தியர் அதை மேசையில் ஒதுக்கி வைத்துவிட்டார்.

ஆய்வுகூடத்தில் இருபது வருடம்

தங்கச்சி, அந்த வைத்தியரை நான் குறை சொல்ல மாட்டேன். சிறுநீரில் பூஞ்சண நச்சு தேடும் சோதனைகள் நோயை உறுதிசெய்ய ஏற்றுக்கொள்ளப்பட்டவை அல்ல. நாம் உண்ணும் தானியத்திலும் கடலையிலும் இருந்துகூட அந்த நச்சுகள் சிறிதளவில் உடலுக்குள் போய் வெளியேறும். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1993, 1994ஆம் ஆண்டுகளில் குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தம் கசிந்ததற்குக் ஈரச் சுவரில் படரும் கறுப்புப் பூஞ்சணமே காரணம் என்று முதலில் எழுதினார்கள். 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே அந்தத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் சுவாச நோய்களும் கூடுதல் என்று உறுதியாகச் சொல்கிறது. நம் கையில் பிடிமானமாக இருப்பது அதுதான்.

எனக்கும் தெகிவளையில் ஒரு வருடம் இதே நிலை. குளிரூட்டியின் வடிகுழாய் அடைபட்டுச் சுவர் ஊறிக் கிடந்தது. வீட்டை மாற்றினேன், தும்மல் நின்றது. ஆகவே சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். முதலில் கசிவை நிறுத்துங்கள். கசிவு நிற்காத சுவரில் எதைப் பூசினாலும் வீண். நனைந்த பொருள் ஒன்றிரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், எனவே பஞ்சு மெத்தை, கடதாசி, சிப்போர்ட் என்ற மரத்தூள் பலகை அலுமாரி ஆகியவற்றை எறிவதே நல்லது. மூன்று அடிக்கு மூன்று அடி அளவுக்குள் என்றால் என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து சவர்க்காரத் தண்ணீரால் நீங்களே கழுவலாம், ஆனால் ஏற்கெனவே நோயுள்ளவர் அந்த அறைக்குள்ளேயே போகக்கூடாது. பிளீச்சை அமோனியா கலந்த எதனுடனும் சேர்க்க வேண்டாம், அந்தப் புகை ஆபத்தானது. வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பார்கள். கொழும்பில் வெளிக்காற்றே பெரும்பாலும் 70க்கு மேல் என்பதால் யன்னலைத் திறப்பது மட்டும் போதாது, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வாங்குங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். உடுப்புகளை அறைக்குள் காயப்போடாதீர்கள்.

கொம்பனித்தெரு வாடகைக் குடித்தனம்

ஐயா, நீங்கள் சொன்னவை சரியாகவே இருக்கலாம். தங்கச்சி தன் களைப்பைப் பற்றி எழுதினார், நீங்கள் அவருடைய அறிக்கைக்குப் பதில் எழுதினீர்கள். அறிக்கை பிழையென்றால் களைப்பும் பிழையாகிவிடுமா? கசிவை நிறுத்துங்கள் என்கிறீர்கள். சுவர் வீட்டுக்காரருடையது, குழாய் மேல் மாடிக்காரருடையது, நெஞ்சு மட்டும் என்னுடையது. ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் விலையையும் அதை இரவு முழுவதும் ஓட்டினால் வரும் மின்கட்டணத்தையும் நான் கணக்குப் பார்த்துவிட்டேன்.

மூன்றாம் முறை முறையிட்டபோது வீட்டுக்காரர் எங்கள் வாசலில் ஒரு வாளி பெயின்ற்றைக் கொண்டுவந்து வைத்து, "நீங்களே ஒருக்கா அடிச்சு விடுங்கோ" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். உதவி செய்வதாகவே நினைத்தார். இங்கிலாந்தின் ரொச்டேலில் ஆவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தபோது, அதற்குக் காரணம் வீட்டிலிருந்த பூஞ்சணமே என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்தக் குழந்தையின் தந்தைக்கும் மேலே பெயின்ற் அடிக்கும்படிதான் சொல்லியிருந்தார்கள். அங்கே அதன்பின் அந்தக் குழந்தையின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. எங்கள் வாளி இன்னும் திறக்கப்படாமல் கதவடியில் இருக்கிறது. நெபுலைசர் பிடிக்க இரவில் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதெல்லாம் அதில் கால் தடுக்குகிறது.

வெள்ளவத்தை, நாலாம் மாடி

புதுக்கடைத் தம்பி எழுதியதைப் படித்த பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொடர்மாடிக்குப் போனேன். அந்தப் பெண்ணிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் புறப்பட்டேன். லிப்ட் வேலை செய்யவில்லை. இரண்டாம் மாடி தாண்டியதும் மூச்சு நின்றுவிட்டது போலிருந்தது. மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே ஒரு குழந்தையின் சத்தம் கேட்டது, அது அந்த வீட்டுக் குழந்தைதானா என்று தெரியவில்லை. இருபது நிமிடம் இருந்து பார்த்தேன். ஏற முடியவில்லை.

கீழே வந்து, எந்தச் சுவர், குழாய் எங்கே போகிறது, தொட்டிலை எந்தப் பக்கம் போடக்கூடாது, எனக்கு என்ன வருத்தம் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, என் தொலைபேசி இலக்கத்தையும் போட்டு, காவலாளியிடம் கொடுத்தேன். அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்று சனிக்கிழமை. இதுவரை அழைப்பு வரவில்லை. நாளை என் தங்கையை அழைத்துப் போகிறேன், அவள் ஏறுவாள்.