64 மதிப்புரைகள், ஏழாம் பக்கத்துக்குப் பிறகு 404: வேர்ட்பிரஸ் கஸ்டம் போஸ்ட் டைப்

கேள்வி

வணக்கம். வேர்ட்பிரஸில் நூல் மதிப்புரைகளுக்கென்று தனியாக ஒரு கஸ்டம் போஸ்ட் டைப் (சாதாரணப் பதிவுகளிலிருந்து தனித்த பதிவு வகை) வைத்திருக்கிறேன். மொத்தம் 64 மதிப்புரைகள். பக்கத்துக்கு ஆறு வீதம் காட்ட, ஆர்க்கைவ் டெம்ப்ளேட்டில் (பட்டியல் பக்கத்தைக் காட்டும் கோப்பு) புதிதாக ஒரு டபிள்யூபி_குவெரி (பதிவுகளை எடுத்துவரும் வினவல்) எழுதி, போஸ்ட்ஸ்_பெர்_பேஜ் 6 என்று கொடுத்திருக்கிறேன். எத்தனையாம் பக்கம் என்று சொல்லும் பேஜ்டு மதிப்பும் சேர்த்தாயிற்று. கீழே 1 முதல் 11 வரை எண்கள் வருகின்றன. ஏழாம் பக்கம் வரை ஒரு குறையும் இல்லை. எட்டைத் தொட்டால் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்ற 404 பிழை. 9, 10, 11 எல்லாம் அப்படியே. அந்தப் பக்கங்களில் வர வேண்டிய மதிப்புரைகளைத் தனித்தனியே திறந்தால் திறக்கின்றன. பழைய நூல்கள் பற்றியவை எல்லாம் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கின்றன, அவை யார் கண்ணிலும் படாமல் போவது வருத்தமாக இருக்கிறது.

பதில் 1

செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் (முகவரி அமைப்பு) பக்கத்தைத் திறந்து, எதையும் மாற்றாமல் ஒருமுறை சேவ் செய்து பாருங்கள். போஸ்ட் டைப்பைப் பதிவு செய்தபின் முகவரி விதிகள் புதுப்பிக்கப்படாவிட்டால் 404 வரும்.

பதில் 2

பெர்மாலிங்க் சிக்கல் என்றால் இரண்டாம் பக்கமே திறந்திருக்காது. இங்கே ஏழோடு நிற்கிறது. விடையும் அந்த ஏழில்தான் இருக்கிறது.

செட்டிங்ஸில் ரீடிங் பகுதியைப் பாருங்கள். பக்கத்துக்கு எத்தனை பதிவுகள் என்ற இடத்தில், யாரும் மாற்றியிராவிட்டால், 10 என்று இருக்கும். 64-ஐப் பத்துப் பத்தாகப் பிரித்தால் ஏழு பக்கம், ஆறு ஆறாகப் பிரித்தால் பதினொன்று. எண்களை அச்சிடுவது உங்கள் குவெரி. பக்கம் உண்டா இல்லையா என்று முடிவு செய்வது வேர்ட்பிரஸ் தானே ஓட்டும் மெயின் குவெரி. முகவரியைப் படித்தவுடன், டெம்ப்ளேட் கோப்பைத் தொடுவதற்கு முன்பே, அது ஓடிவிடுகிறது. எட்டாம் பக்கம் கேட்டால் பத்துப் பத்தாக எண்ணிப் பார்த்து, அப்படி ஒரு பக்கம் இல்லை என்று 404-ஐ அனுப்பிவிடும். நீங்கள் எழுதிய குவெரி ஓடவே வாய்ப்பில்லை.

அதனால் ஆர்க்கைவ் டெம்ப்ளேட்டில் உள்ள இரண்டாவது குவெரியை எடுத்துவிடுங்கள், பதிவுகளை ஒவ்வொன்றாகக் காட்டும் வழக்கமான லூப் போதும். தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில், குவெரி ஓடுமுன் அதை மாற்ற இடம் தரும் பிரி_கெட்_போஸ்ட்ஸ் ஹுக்கில் ஒரு சிறு ஃபங்ஷன் எழுதுங்கள். அட்மின் பகுதி இல்லை, மெயின் குவெரிதான், மதிப்புரை ஆர்க்கைவ்தான் என்று மூன்றையும் சோதித்துவிட்டு போஸ்ட்ஸ்_பெர்_பேஜை 6 ஆக்குங்கள். தயவுசெய்து மூன்றில் ஒன்றையும் விடாதீர்கள். விட்டால் அட்மினில் உள்ள பட்டியலோ, சைட்பாரில் ஓடும் பட்டியலோ சேர்ந்து மாறிவிடும். எண்களுக்கு தி_போஸ்ட்ஸ்_பேஜினேஷன் இருக்கிறது, 4.1 பதிப்பிலிருந்தே உண்டு. மொத்தப் பக்கங்களை மெயின் குவெரியிடமிருந்து தானே எடுத்துக்கொள்ளும்.

ரீடிங்கில் 10-ஐ 6 ஆக்கினாலும் 404 போய்விடும். ஆனால் மற்ற பதிவுகளும் ஆறு ஆறாகப் பிரியும். அப்புறம் யாராவது அந்த எண்ணை மாற்றினால் பழைய தொல்லை திரும்பி வரும். எனக்கு அது பிடிக்காத வழி.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி! பதினொன்றாம் பக்கமும் திறக்கிறது. இன்னொன்று: முகப்பாக ஒரு நிலையான பக்கம் வைத்திருக்கிறேன், அதிலும் இதே பட்டியல் உண்டு. அங்கே எந்த எண்ணை அழுத்தினாலும் முதல் ஆறு மதிப்புரைகளே வருகின்றன.

பதில் 2

முகப்பில் தனிக் குவெரி எழுதுவது சரிதான், ஏனென்றால் அங்கே மெயின் குவெரி எடுப்பது அந்தப் பக்கத்தை மட்டும். ஆனால் நிலையான முகப்பில் பக்க எண் பேஜ்டு என்ற பெயரில் வராது, பேஜ் என்ற பெயரில் வரும். கெட்_குவெரி_வாரில் இரண்டையும் பார்த்து, இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் இல்லையென்றால் 1. பக்க எண்களை அச்சிடும் பேஜினேட்_லிங்க்ஸுக்கு மொத்தப் பக்கங்களாக உங்கள் குவெரியின் மேக்ஸ்_நம்_பேஜஸைக் கொடுங்கள். லூப் முடிந்ததும் டபிள்யூபி_ரீசெட்_போஸ்ட்டேட்டாவை அழைத்துப் பழைய நிலைக்குத் திருப்பிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முதல் மதிப்புரையைப் பெரிதாகக் காட்ட வேண்டுமென்று குவெரியில் ஆஃப்செட் (தொடக்கத்தில் எத்தனை பதிவுகளைத் தாண்டுவது என்ற எண்) சேர்த்துவிடாதீர்கள். அது இருந்தால் பக்க எண்ணை வேர்ட்பிரஸ் கண்டுகொள்ளாது, எல்லாப் பக்கத்திலும் அதே ஆறு வந்து நிற்கும்.

பதில் 3

மதிப்புரைகளை மொத்தமாக இம்போர்ட் செய்திருந்தால் தேதியையும் கவனியுங்கள். பல பதிவுகளுக்கு ஒரே தேதி, ஒரே நேரம் இருந்தால் அவற்றுக்குள் வரிசை நிலையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே மதிப்புரை மூன்றாம் பக்கத்திலும் நான்காம் பக்கத்திலும் வரலாம், வேறொன்று எங்குமே வராமல் போகலாம். வரிசையைத் தீர்மானிக்கும் ஆர்டர்பையில் தேதிக்கு அடுத்ததாக ஐடியையும் சேர்த்துவிடுங்கள்.